ஏர்ன்ஸ்ட் ரோம் பேர் போட்ட எஸ்.ஏ. டாகர்: வாங்கலாமா, அதோட கதை என்ன?

கேள்வி சுருக்கமா இதுதான்: "அண்ணே, நான் டுசல்டார்ஃப்ல வேலை பாக்குறேன். இங்க பழைய சாமான் சந்தையில ஒரு எஸ்.ஏ. டாகர் (ஹிட்லர் கட்சி அடியாள் படையோட குத்துவாள்) பாத்தேன். பழுப்பு மரக் கைப்பிடி, ஸ்வஸ்திகா மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. பிளேடுல ஒரு பக்கம் 'ஆலஸ் ஃபூர் டாய்ச்லாண்ட்', பின்பக்கம் ஏர்ன்ஸ்ட் ரோம் பேரோட ஒரு வரி, அதுக்கு மேல சின்ன வட்டத்துக்குள்ள ஆர்.இசட்.எம்., பக்கத்துல எம்7/66. விக்கிறவரு தாத்தா வீட்டுப் பரண்ல இருந்துச்சு, போர்க்காலத்து அபூர்வமான பீஸ்ங்கறாரு. வாங்கலாமா?"

வாங்காதீங்க தம்பி. போட்டோ கூட வேண்டாம், நீங்க எழுதினதே போதும், அந்த பிளேடு போலி. ஏன்னு சொல்லணும்னா 1933ல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்த 'போர்க்காலம்'ங்கற வார்த்தைய விட்டுடுங்க. விக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, ஆனா இந்த டாகர்கள்ல பெரும்பாலானது 1933ல இருந்து 1939க்குள்ள செஞ்சது, போர் ஆரம்பிச்சதும் இரும்பும் ஆளும் வேற வேலைக்குப் போயிடுச்சு, எஸ்.எஸ். (ஹிட்லரோட கறுப்பு யூனிஃபார்ம் பாதுகாப்புப் படை) டாகர் தயாரிப்பு 1940 வாக்குல நின்னுபோச்சு, மத்ததும் 1942, 43க்குள்ள படிப்படியா அடங்கிடுச்சு. இத வச்சு யாரும் போர்முனையில சண்டை போடல. இது யூனிஃபார்ம்ல தொங்கவிட்டுட்டு ஊர்வலம் போறதுக்கும், கூட்டத்துல கெத்து காட்டுறதுக்கும், அதுக்கும் மேல யாரு யாருக்கு விசுவாசம்னு வெளியில தெரியுறதுக்கும் செஞ்ச சாமான். அதனாலதான் இதுல எது அபூர்வம்ங்கறத ஆயுதக் கண்ணோட்டத்துல பாத்தா புரியவே புரியாது, கட்சிக்குள்ள நடந்த அடிதடிய வச்சுப் பாத்தாதான் புரியும்.

எஸ்.ஏ.ங்கறது ஹிட்லர் கட்சியோட அடியாள் படை, 1921ல ஆரம்பிச்சது, பழுப்புச் சட்டைக்காரங்க. 1933 ஜனவரில ஹிட்லர் பிரதமர் ஆனப்புறம் வேலையில்லாத பசங்க கூட்டம் கூட்டமா போய் சேந்தாங்க, மத்த வலதுசாரி அமைப்புகளையும் இழுத்து உள்ள போட்டாங்க, 1934 ஆரம்பத்துல ஆள் எண்ணிக்கை 30 லட்சத்தத் தாண்டிடுச்சு. அதே நேரம் முதல் உலகப்போர் முடிஞ்சு போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனியோட உண்மையான ராணுவத்துக்கு ஒரு லட்சம் பேர்தான் அனுமதி. எஸ்.ஏ. தலைவர் ஏர்ன்ஸ்ட் ரோம் (இத்தாலில இருக்குற ஊர் இல்ல, ஆளோட பேரு) என்ன நினைச்சாருன்னா நம்ம படைதான் இனிமே நாட்டோட ராணுவம், பழைய பிரபு வம்சத்து ஜெனரல்கள் எல்லாம் ஓரமா உக்காரட்டும்னு. அந்த நினைப்பு இருக்குற ஆளுக்கு தன் ஆளுங்க இடுப்புல ஒரு கத்தி தொங்கணும்னு ஆசை வராதா? 1933 டிசம்பர்ல எஸ்.ஏ.வுக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் சேத்து ஒரே வடிவத்துல டாகர் அறிவிச்சாங்க. ராணுவ அதிகாரிகளுக்கு அவங்களுக்குன்னு டாகர் வந்தது 1935லதான், அதாவது அடியாள் படைக்கு முதல்ல, ராணுவத்துக்கு அப்புறம், அன்னைக்கு நிலைமை எப்படி இருந்துச்சுன்னு இதுலயே தெரியும்.

வடிவம் புதுசு இல்ல. 16ம் நூற்றாண்டுல சுவிஸ் காலாட்படை வீரர்கள் வச்சிருந்த டாகரோட காப்பி. அந்தக் காலத்து ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் இந்த மாதிரி டாகர் உறைக்கு 'மரண நடனம்' படம் வரைஞ்சிருக்காரு, அதனால கலெக்டர்கள் (பழம்பொருள் சேகரிக்கிறவங்க) இந்த வகைய 'ஹோல்பைன் டாகர்'னே சொல்வாங்க. கைப்பிடிக்கு மேலயும் கீழயும் வளைஞ்ச உலோகப் பட்டை, நடுவுல மரம், பிளேடு நடுவுல ஒரு முதுகெலும்பு மாதிரி மேடு, நீளம் சுமார் 22 சென்டிமீட்டர். எஸ்.ஏ.க்கு கைப்பிடியும் உறையும் பழுப்பு, வாசகம் 'ஆலஸ் ஃபூர் டாய்ச்லாண்ட்', எல்லாம் ஜெர்மனிக்காக. எஸ்.எஸ்.ஸுக்கு எல்லாமே கறுப்பு, வாசகம் 'மைன ஏர ஹைஸ்ட் ட்ரொய்ய', என் மானத்துக்குப் பேர் விசுவாசம். இந்த ரெண்டாவது வாசகத்துக்கு ஒரு பின்கதை உண்டு, 1931ல பெர்லின்ல எஸ்.ஏ.காரங்க ஹிட்லருக்கு எதிரா கலகம் பண்ணினப்ப எஸ்.எஸ். அவர் பக்கம் நின்னுச்சு, அதுக்கு நன்றியா ஹிட்லர் குர்ட் டாலுயகங்கற எஸ்.எஸ். தலைவருக்கு எழுதின கடிதத்துல இருந்து எடுத்த வரி. ஆக எஸ்.எஸ். கத்தில இருக்குற வாசகமே எஸ்.ஏ. மேல குத்திக்காட்டுறதுதான், இது அன்னைக்கு ரெண்டு பக்கத்துக்கும் நல்லாவே தெரியும்.

செஞ்சது பெரும்பாலும் சோலிங்கன்ல. உங்க ஊர்ல இருந்து ரயில்ல போனா அரை மணி நேரம்தான். இடைக்காலத்துல இருந்தே கத்தி, வாள் செய்யற ஊர், வுப்பர் ஆத்தோரம் தண்ணில ஓடுற சாணைக் கொட்டகைகள் நிறைய இருந்துச்சு, ஒன்னு ரெண்டு இன்னும் இருக்கு. முதல் உலகப்போருக்கு அப்புறம் ராணுவ ஆர்டர் இல்லாம, அதுக்கு மேல 1929 மந்தநிலை வேற வந்து, ஊரே வேலை இல்லாம கிடந்துச்சு. அந்த நேரத்துல லட்சக்கணக்குல டாகர் வேணும்னு ஆர்டர் வந்தா எப்படி இருக்கும்? பெரிய கம்பெனி, சின்னப் பட்டறைன்னு பாக்காம எல்லாரும் இறங்கிட்டாங்க. அணில் முத்திரை போட்ட கார்ல் ஐக்ஹார்ன், மாவீரன் தலை போட்ட டபிள்யூ.கே.சி., பூமா, மரம் போட்ட போக்கர், ஏன், இன்னைக்கு மால்ல சமையல் கத்தி செட் விக்குற ரெட்டைப் பொம்மை முத்திரை ஹெங்கல்ஸ் கூட எஸ்.ஏ. டாகர் செஞ்சிருக்கு. இதுல எனக்கு ரொம்ப உறுத்துற முத்திரை ஒன்னு உண்டு, தராசு படம் போட்ட அல்கோசோ. ராணுவ, விமானப்படை டாகர்கள்ல நிறைய பாக்கலாம். அலெக்சாண்டர் கொப்பல், சோலிங்கன்ங்கறதோட சுருக்கம்தான் அந்தப் பேரு. கொப்பல் குடும்பம் யூதக் குடும்பம், ஊருக்கு எவ்வளவோ நன்கொடை குடுத்தவங்க, ஊரே கௌரவக் குடிமகன் பட்டம் குடுத்த வீடு. நாஜி காலத்துல கம்பெனி அவங்க கையவிட்டுப் போச்சு, பேரு மட்டும் முத்திரையில அப்படியே தங்கிடுச்சு. குடும்பத்துல அலெக்சாண்டர் கொப்பல் 1942ல தெரேசியன்ஸ்டாட் முகாம்ல செத்துப்போனாரு. 'அல்கோசோ மார்க் இருந்தா நல்ல விலை'ன்னு சந்தையில பேசுறப்ப எத்தன பேருக்கு இது தெரியும்னு எனக்கு சந்தேகம்தான்.

சரி, ரோம் விஷயத்துக்கு வர்றேன்.

1934 பிப்ரவரில ரோம் ஒரு வேலை செஞ்சாரு. 1931 முடியறதுக்குள்ள படையில சேந்த பழைய ஆளுங்களுக்கு, அதாவது ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடி தெருவுல அடி வாங்கினவங்களுக்கு, தனியா ஒரு கௌரவ டாகர். முன்பக்கம் வழக்கமான வாசகம், பின்பக்கம் தன் கையெழுத்துலயே 'இன் ஹெர்ட்ஸ்லிகர் ஃப்ரொய்ன்ட்ஷாஃப்ட் ஏர்ன்ஸ்ட் ரோம்', மனமார்ந்த நட்புடன் ஏர்ன்ஸ்ட் ரோம்னு அமிலத்துல அரிச்சு எழுதினது. எஸ்.ஏ.ல ஒரு லட்சத்துக்கும் மேல இத குடுத்தாங்க, எஸ்.எஸ்.ல பல ஆயிரம். நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒரு லட்சம் பேர் இடுப்புல தன் பேரு, ஹிட்லர் பேரு இல்ல. ஜெனரல்களுக்கு ஏற்கனவே பயம், எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்கும் ஹிட்லருக்கு நெருக்கமான அமைச்சர் கோரிங்குக்கும் பொறாமை, ஹிட்லருக்கு ஜெனரல்கள் தயவு வேணும். கத்தியினாலதான் கொன்னாங்கன்னு நான் சொல்லல, ஆனா அந்த ஆளு எந்த மனநிலையில இருந்தாருங்கறதுக்கு இதவிட சாட்சி வேணுமா என்ன.

அடுத்த நாலு மாசத்துல முடிஞ்சுது. 1934 ஜூன் 30, பாட் வீஸே ஏரிக்கரை ஹோட்டல்ல தூங்கிட்டு இருந்த ரோமை ஹிட்லரே நேர்ல போய்க் கைது பண்ணினாரு. மறுநாள் மியூனிக் ஸ்டாடல்ஹைம் சிறையில துப்பாக்கிய மேசையில வச்சு நீயே சுட்டுக்கோன்னாங்க, அவர் மாட்டேன்னதும் தியோடர் ஐக்கவும் மிஷேல் லிப்பெர்ட்டும் சுட்டுட்டாங்க, ரெண்டு பேருமே எஸ்.எஸ். 'நீண்ட கத்திகளின் இரவு'ன்னு வரலாறு சொல்றது இதத்தான். அதுக்கு அப்புறம் ஒரு உத்தரவு வந்துச்சு, கத்தில இருக்குற ரோம் வரிய அழிக்கணும். ஒரு லட்சம் கத்தி. சில பேர் பட்டறைக்குக் குடுத்து சாணை பிடிச்சு மொத்த வரியையும் எடுத்தாங்க, சில பேர் பேர மட்டும் தேச்சுட்டு 'மனமார்ந்த நட்புடன்'ங்கறத அப்படியே விட்டாங்க, யாரோட நட்புன்னு தெரியாம அந்தரத்துல தொங்குற வரி, ரொம்பக் கொஞ்சம் பேர் ஒன்னும் பண்ணாம பொட்டியில ஒளிச்சு வச்சுட்டாங்க. இந்த மூணாவது வகைதான் இன்னைக்கு சந்தையில 'ஃபுல் ரோம்'. செஞ்சது குறைவு இல்ல, தப்பிச்சது குறைவு.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. அதே 1934 ஜூலை முதல் வாரத்துல, அந்தக் கொலைகள்ல பங்கெடுத்த எஸ்.எஸ். ஆளுங்க சுமார் 200 பேருக்கு ஹிம்லர் ஒரு டாகர் குடுத்தாரு, பின்பக்கம் 'மனமார்ந்த தோழமையுடன் ஹெச். ஹிம்லர்'. வரி அமைப்பு கூட ரோம்கிட்ட இருந்து திருடினது. ஒருத்தன் பேர அழிக்கிற வாரத்துலயே இன்னொருத்தன் பேர எழுதுறாங்க, அதே சாமான்ல, அதே இடத்துல. ஜூலை 20ந்தேதி எஸ்.எஸ். தனி அமைப்பாவும் ஆயிடுச்சு. ஹிம்லர் டாகர் உங்ககிட்ட யாராவது விலை சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க, சந்தேகமே வேண்டாம்.

இப்ப உங்க கத்தி. ஆர்.இசட்.எம்.ங்கறது ரைக்ஸ்ட்சொய்க்மைஸ்டரை, கட்சிக்கு வேண்டிய யூனிஃபார்ம், பட்டன், கத்தி எல்லாத்துக்கும் தரம் பாத்து லைசென்ஸ் குடுக்குற மியூனிக் ஆபீஸ். ஆரம்பத்துல டாகர் பிளேடுல கம்பெனி தன்னோட சொந்த முத்திரைய போட்டுச்சு. 1935, 36 வாக்குல இந்த ஆபீஸ் அதையெல்லாம் நிறுத்தி குறியீட்டு எண்தான் போடணும்னு கொண்டுவந்துச்சு, நடுவுல கொஞ்ச நாள் கம்பெனி முத்திரையும் எண்ணும் சேந்தே வந்துச்சு, அந்த இடைக்கால பிளேடுகளுக்கும் தனி மவுசு உண்டு. எம்7ன்னா டாகர் வகை, 66ன்னா ஐக்ஹார்ன். அப்ப எம்7/66 போட்ட பிளேடு செஞ்சப்ப ரோம் செத்து வருஷக்கணக்கு ஆகுது. செத்த துரோகின்னு அறிவிச்ச ஆளோட பேர எந்தப் பட்டறைக்காரன் எழுதுவான்? யாரோ ஒருத்தன் சாதா பின்கால எஸ்.ஏ. டாகர வாங்கி, சமீபத்துல லேசரோ அமிலமோ வச்சு ரோம் வரிய ஏத்தியிருக்கான், இல்லைன்னா கத்தி மொத்தமுமே புதுசு. முதலாவதா இருந்தா இன்னும் வயித்தெரிச்சல், நல்ல அசல் சாமான கெடுத்திருக்கான்.

ரோம் டாகர்னு வந்தா முதல்ல பாக்க வேண்டியது இந்த காலக்கணக்குதான். கம்பெனி முத்திரை இருக்கணும், எண் இருக்கக்கூடாது. அதுலயும் எல்லாக் கம்பெனியும் ரோம் டாகர் செய்யல, ஒரு குறிப்பிட்ட தொகுதிக்குத்தான் அந்த ஆர்டர் போச்சு, அந்தப் பட்டியல் கலெக்டர் வட்டாரத்துல எல்லாருக்கும் அத்துப்படி. அடுத்தது உலோகம். 1933, 34ல கைப்பிடிப் பட்டைகளும் உறை நுனியும் நிக்கல் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, வெள்ளி கிடையாது. தேய்ஞ்ச இடத்துல கூட லேசா மஞ்சள் கலந்த வெள்ளையாவே இருக்கும், அடியில வேற நிறம் தெரியாது. செம்பும் நிக்கலும் வெளிநாட்டுல இருந்து வரணும், 1936ல நாலாண்டுத் திட்டம்னு கோரிங் தலைமையில போர்த் தயாரிப்பு ஆரம்பிச்சதும் இந்த மாதிரி அலங்கார சாமானுக்கு அதைக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, அதுக்கு அப்புறம் மலிவான உலோகத்து மேல முலாம், கைப்பிடில கழுகு அலுமினியம், உறை நிறமும் சூட்டுல ஏத்தினதுக்குப் பதிலா பெயிண்ட். ஆக 1934 தேதி சொல்ற கத்தில முலாம் உரிஞ்சு சாம்பல் நிறம் தெரிஞ்சா கதை சரியில்லைன்னு அர்த்தம்.

கைப்பிடிப் பட்டையோட பின்பக்கம் ஆரம்பகால எஸ்.ஏ. டாகர்ல சின்ன எழுத்து அடிச்சிருப்பாங்க, எந்த எஸ்.ஏ. மண்டலத்துக்குப் போச்சுங்கறதுக்கான சுருக்கம். எஸ்.எஸ்.ல ரோமன் எண், ஒன்னு மியூனிக், ரெண்டு டிரெஸ்டன், மூணு பெர்லின். இது இருந்தா அசல்னு சொல்லிட முடியாது, அடிக்கிறதுக்கு ஒரு சுத்தியல் போதும்.

பிளேடத்தான் ரொம்ப நேரம் பாக்கணும். உருப்பெருக்கி கண்ணாடி வச்சு, வெளிச்சத்த சாய்வா விட்டுப் பாருங்க. சோலிங்கன்ல கடைசி மெருகு குறுக்குவாட்டுல போட்டாங்க, அதனால தேயாத பிளேடுல நீளத்துக்குக் குறுக்கா மயிரிழை மாதிரி கோடுகள் ஓடும், கலெக்டர்கள் 'கிராஸ்கிரெயின்'ம்பாங்க, இது இருந்தா விலையே வேற. பின்னாடி யாராவது பளபளப்பு ஏத்தறேன்னு மெட்டல் பாலிஷ் போட்டு தேச்சிருந்தா கோடு நீளவாக்குல மாறியிருக்கும், இல்ல கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும். எழுத்தப் பாருங்க. அமிலம் அரிச்ச பள்ளம் உருப்பெருக்கில பொடிப்பொடியா ஒரே சீரா இருக்கும், ஓரம் கூர்மையா இருக்கும், கறுப்பு நிறம் பள்ளத்துக்குள்ள மட்டும் தங்கியிருக்கும். லேசர்ல போட்டது பக்கத்துல பக்கத்துல வரிசையா கோடு இழுத்த மாதிரி தெரியும், சில சமயம் ஓரத்துல சூடுபட்ட நீலம் கூட இருக்கும். ரோம் வரி அவரோட கையெழுத்து, அச்செழுத்து இல்ல, பேனா அழுத்தி எழுதின இடம் தடிமனா, தூக்கின இடம் மெலிசா போகும், போலில எல்லாம் ஒரே தடிமன்ல நூல் விட்ட மாதிரி ஓடும். இந்த ஒரு வித்தியாசத்த ரெண்டு அசல் பாத்தவங்க கண்ணு அப்புறம் மறக்காது.

கைப்பிடி மரம். எண்பது தொண்ணூறு வருஷத்துல மரம் சுருங்கும், ஆனா உலோகப் பட்டையோட சேர்ற இடத்துல செஞ்சப்ப சேத்துத் தேச்சதனால ரெண்டும் ஒரே மட்டமா, விரல் நகம் ஓட்டினா லேசா மட்டும் தட்டும். ஒரு பக்கம் மரம் துருத்திட்டு இன்னொரு பக்கம் இடைவெளி இருந்தா வேற கத்தியோட கைப்பிடி. கழுகோட மார்பும் தலையும்தான் உடுப்புல உரசி முதல்ல தேயும், தேய்மானம் இல்லாத கழுகு தேய்ஞ்ச பிளேடோட இருந்தா கேள்வி கேளுங்க. மேல இருக்குற எஸ்.ஏ. வட்டப் பொத்தான் எனாமல், உலோகக் கோட்டுக்கு நடுவுல கண்ணாடி மாதிரி நிரப்பினது, போலில பிளாஸ்டிக் பிசின். உறை வாயில உள்பக்கம் ரெண்டு தகட்டு ஸ்பிரிங் இருக்கும், கத்திய உள்ள விட்டா அது பிடிக்கிறத கையில உணரலாம், வருஷக்கணக்கா எடுத்து விட்டதுல பிளேடு ரெண்டு பக்கமும் மெல்லிய கோடு விழுந்திருக்கும், அது குறை இல்ல, நல்ல அறிகுறி.

போலி ஏன் இவ்வளவுன்னா, அதுக்கும் வரலாறுதான் காரணம். 1945 ஏப்ரல்ல அமெரிக்கப் படை சோலிங்கனுக்குள்ள வந்தப்ப பட்டறைகள்ல பாதி முடிஞ்ச பிளேடு, கைப்பிடி, கழுகு எல்லாம் கிடந்துச்சு, வீரர்களுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போக ஞாபகப் பொருள் வேணும், மிச்சம் மீதி பாகங்கள வச்சு பூட்டின டாகர்கள் அப்பவே கிளம்பிடுச்சு. அப்புறம் 1960கள்ல கலெக்டர் சந்தை சூடு பிடிச்சதும் மிச்ச பாகத்தோட புது பாகத்த சேத்தாங்க, அதுக்கு அப்புறம் முழுசாவே புதுசு. 1960கள்ல செஞ்ச போலிக்கு இன்னைக்கு அறுபது வயசு, அதுவும் பழசாத்தான் தெரியும், அதுவும் எவனோ ஒருத்தன் தாத்தா வீட்டுப் பரண்ல இருந்துதான் வருது, விக்கிறவரு பொய் சொல்லாமயே தப்பா சொல்லலாம். அமெரிக்க வீரர் கொண்டுவந்தது, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இருக்குன்னு காட்டுவாங்க, அந்தச் சீட்டு அசலாவே இருந்தாலும் அது இந்தக் கத்தியோடதுதானான்னு அதுல எழுதியிருக்காது.

அப்ப அபூர்வம்னு உண்மையிலயே எதச் சொல்றது? அமைப்பு சின்னதா இருந்தா கத்தியும் குறைச்சல். என்.பி.இ.ஏ.ன்னு நாஜி மேட்டுக்குடி உறைவிடப் பள்ளிகள், 1933 ஏப்ரல்ல பேர்ன்ஹார்ட் ரூஸ்ட் ஆரம்பிச்சது, முதல் மூணு ப்ளோன், கோஸ்லின், போட்ஸ்டாம்ல. அந்தப் பசங்களுக்கு ஒரு டாகர், வாசகம் 'தோற்றத்தவிட உள்ளீடு பெருசா இரு'ங்கற அர்த்தத்துல பழைய பிரஷ்ய வரி, கைப்பிடில கழுகு கிடையாது. பார்த்தா ரொம்ப சாதாரணம், விலை கேட்டா தலை சுத்தும். டெக்னிஷ நோட்ஹில்ஃபன்னு ஒரு அவசரகாலப் பொறியாளர் படை, 1919ல வேலைநிறுத்தம் வந்தா மின்சாரமும் தண்ணியும் நிக்காம ஓட்டுறதுக்காக ஆரம்பிச்சது, அவங்க 1938 டாகர ஐக்ஹார்ன் மட்டும்தான் செஞ்சுது, பிளேடுலயும் உறைலயும் வரிசை எண், ரெண்டும் ஒத்துப்போகணும். ரயில்வே பாதுகாப்பு, தபால் பாதுகாப்பு, சுங்கம் எல்லாத்துக்கும் தனித்தனி டாகர் இருந்துச்சு, எல்லாமே கொஞ்சம்தான். செஞ்சிலுவையில சாதா ஆளுங்களோடது மட்டும் வேடிக்கை, நுனி சதுரமா வெட்டி விட்டிருப்பாங்க, முதுகுல ரம்பப் பல்லு, குத்தவே முடியாது, மருத்துவப் படைங்கறதால. தொழிலாளர் சேவைப் படையோடது டாகரே இல்ல, அருவா மாதிரி கனமான வெட்டுக்கத்தி, வாசகம் 'உழைப்பு உயர்வு தரும்'. ஹிட்லர் இளைஞர் படை கத்தி லட்சக்கணக்குல செஞ்சது, அபூர்வம் இல்ல, ஆனா பத்து வயசுப் பையன் கையில 'ரத்தமும் மானமும்'னு எழுதின கத்தி குடுத்திருக்காங்கங்கறத கையில வச்சுப் பாக்குறப்ப எனக்கு எஸ்.எஸ். கத்தியவிட அதுதான் சங்கடமா இருக்கும்.

என்கிட்ட எத வாங்கன்னு கேட்டா, ஃபுல் ரோம் வேண்டவே வேண்டாம், அழிச்ச ரோம் வாங்குங்க. சாதா எஸ்.ஏ. டாகர் நல்ல நிலையில சில நூறு யூரோவுல கிடைக்கும், அழிச்சது அதவிடக் கொஞ்சம் மேல, ஃபுல் ரோம் பல ஆயிரம், எஸ்.எஸ். எல்லாமே ஆயிரக்கணக்குலதான் ஆரம்பிக்கும். ஃபுல் ரோம்ல இருக்குறது பிப்ரவரி 1934 மட்டும். அழிச்சதுல பிப்ரவரியும் இருக்கு, ஜூலையும் இருக்கு. பின்பக்கம் பிளேடு கொஞ்சம் மெலிஞ்சு, நடு மேடு தேய்ஞ்சு போயிருக்கும், வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா சில கத்தில எழுத்தோட நிழல் இன்னும் தெரியும், ஒரு 'ஹெச்' வால், ஒரு 'எஃப்' வளைவு. பட்டறையில தேச்சது சமமா இருக்கும், பயத்துல வீட்லயே அரத்த வச்சு தேச்சவன் கத்தில கோணல்மாணலா பள்ளம் விழுந்திருக்கும், எனக்கு அந்த ரெண்டாவதுதான் பிடிக்கும். போலிக்காரனுக்கும் இதுல பெரிய லாபம் இல்லாததால ஆபத்தும் குறைவு, ஆனா சாதா கத்திய பின்பக்கம் தேச்சுட்டு 'அழிச்ச ரோம்'னு விக்கிறவனும் இருக்கான், அதனால நிழல் எழுத்து ஒன்னாவது தெரியாம வாங்காதீங்க.

ஜெர்மனில இருக்குறதால சட்டம் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவுப்படி நாஜி சின்னங்கள பொது இடத்துல காட்டக்கூடாது, பரப்பக்கூடாது. அதுக்குத்தான் அந்த ஸ்டிக்கர். வரலாறு, ஆராய்ச்சி, கல்விக்கு விலக்கு உண்டு, வீட்டுல பெட்டிக்குள்ள வச்சிருக்கிறது குற்றம் இல்ல. ஆனா ஸ்வஸ்திகாவ மறைச்சா போதும்னு நினைக்காதீங்க, வாசகமும் சேத்திதான். ஏ.எஃப்.டி.ங்கற தீவிர வலதுசாரிக் கட்சியோட தலைவர்கள்ல ஒருத்தரான பியோர்ன் ஹோக்க 2021ல மெர்ஸபுர்க் கூட்டத்துல 'ஆலஸ் ஃபூர் டாய்ச்லாண்ட்'னு முடிச்சதுக்கு 2024 மே மாசம் ஹால கோர்ட் 13,000 யூரோ அபராதம் போட்டுச்சு, வரலாற்று வாத்தியாரா இருந்தவரு, எஸ்.ஏ. வாசகம்னு தெரியாதுன்னு சொல்லிப் பாத்தாரு, எடுபடல. அதனால பிளேடு போட்டோவ பெருமையா ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. வாங்கினா ரயில்ல இடுப்புல சொருகிட்டு வராம பூட்டின பெட்டியில எடுத்துட்டு வாங்க, குத்துற ஆயுதத்த வெளியில வச்சுட்டுத் திரியறதுக்கும் தனியா தடை இருக்கு. ஆஸ்திரேலியாவுல 2024 ஜனவரில இருந்து நாஜிச் சின்ன சாமான் வியாபாரமே தடை, அங்க இருக்குற சொந்தக்காரங்களுக்கு அனுப்புற நினைப்பு வேண்டாம். ஊருக்குப் போறப்ப பெட்டில போட்டு எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா அதையும் விட்டுடுங்க, ஆயுதச் சட்டமும் கஸ்டம்ஸும் சேந்து உங்க லீவையே முடிச்சுடும்.

இன்னொன்னு வெளிப்படையா சொல்லிடறேன். இந்த ஹாபில வரலாறு பாக்குறவங்களும் இருக்காங்க, சின்னத்துக்காகவே வாங்குறவங்களும் இருக்காங்க. கத்திய ஷோகேஸ்ல கொடி, போட்டோவோட அலங்காரமா வச்சு ஃபோக்கஸ் லைட் போட்டிருக்குற ஆள் வீட்டுல நான் டீ குடிக்க உக்காறதில்ல, எவ்வளவு நல்ல கலெக்‌ஷனா இருந்தாலும் சரி. கண்ணுக்கு ட்ரெயினிங் குடுக்க பெரிய செலவில்லாம ஒரு வழி இருக்கு, சோலிங்கன் கிரேஃப்ராட்ல இருக்குற கத்தி மியூசியத்துக்கு ஒரு சனிக்கிழமை போயிட்டு வாங்க, பழைய மடத்துக் கட்டிடம். அங்க பல நூற்றாண்டு சோலிங்கன் வேலைய பாத்துட்டு வந்தீங்கன்னா எது கைவேலை, எது அவசரத்துல செஞ்ச கட்சிச் சாமான்னு கண்ணு தானா பிரிக்கும்.

வாங்கினப்புறம் பண்ணக்கூடாதது நிறைய, பண்ண வேண்டியது கொஞ்சம். பிராசோ மாதிரி பாலிஷ் எதுவும் கிட்டயே வரக்கூடாது, கிராஸ்கிரெயின் ஒரு தடவை போனா போனதுதான், விலையில பாதியும் கூடவே போகும். விரல் வியர்வை ஒரே வாரத்துல பிளேடுல ரேகையாவே துரு பிடிக்கும், பருத்திக் கையுறை போடுங்க, தொட்டா துணியால துடைச்சு மெல்லிசா மெழுகோ மெஷின் ஆயிலோ தடவுங்க. துரு இருந்தா அரம், உப்புத்தாள் எடுக்காம எண்ணெயில ஊறவச்சு மூங்கில் குச்சியால மெதுவா சுரண்டுங்க. இடுப்புல மாட்டுற தோல் பட்டைய கத்தியோட சேத்து சுத்தி வைக்காதீங்க, தோல் பதனிட்ட அமிலம் உலோகத்த பச்சையா அரிக்கும், தனிக் கவர்ல போடுங்க. மேல நட்டக் கழட்டி உள்ள பாக்கலாமான்னு கை அரிக்கும், ஸ்பேனர் தப்பா போட்டா நட்டு முனை மழுங்கிடும், கழட்டிய தடம் தெரிஞ்சா அடுத்து வாங்குறவன் பாகம் மாத்தினதுன்னுதான் நினைப்பான், அதனால தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம அந்த வேலையில இறங்காதீங்க.